குட்டைச் சூரியகாந்தியும் அத்தானும்

அக்கா புருஷனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். கண்ணாடிக் கூடாரம் போட்டு, பூங்கொத்துக் கடைகளுக்குச் சூரியகாந்தி வளர்த்துக் கொடுத்தார். ஒரு முறை மலிவாகக் கிடைத்ததென்று ஏதோ புது விதையை அள்ளிக்கொண்டு வந்தார். முளைத்ததில் பாதி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது.

பூங்கொத்துக்கு நீளத் தண்டு வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் மருந்தை வாங்கி அடித்தார். அசையவில்லை. இரண்டு மடங்காக்கினார். ம்ஹும். அப்புறம்தான் அக்கா எனக்குப் போன் செய்தாள். தாவர ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை.

மருந்து படாத குட்டை நாற்றுகளாகப் பார்த்து இலை பறித்துப்போய்ச் சோதித்தேன். உள்ளே ஹார்மோன் வழிந்தது.

"அத்தான், நல்ல செடி தனக்குப் போதும்னு தெரிஞ்சதும் ஹார்மோன் செய்யறதைக் குறைச்சுக்கும். மிச்சத்தையும் அழிச்சிடும். இதுக்கு உள்ள இருக்கறதே உறைக்கல. அதான் செஞ்சுக்கிட்டே இருக்கு. நீங்க மேல ஊத்தி என்ன பிரயோஜனம்?"

"செடிக்குப் போதும்னு தெரியுமாம்! உன் காதுல வந்து சொல்லிச்சா, இலை டாக்டர்?"

"உங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வீம்புக்கு மறுநாள், நன்றாக வளர்ந்த செடிகளுக்கும் சேர்த்தே அடித்தார். அவை தம் பங்குக்கு உற்பத்தியைக் குறைத்துத்தான் பார்த்திருக்கும். குடம் குடமாகக் கொட்டினால் என்ன செய்யும்? வெளிறி, நூலாக நீண்டு, ஒரே வாரத்தில் சாய்ந்தன. எல்லாம் அக்கா கையால் ஊன்றியவை. அத்தான் நடுவில் நின்று விதைக்காரனைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், என்னையும் விடவில்லை. தன்னை மட்டும் மறந்துவிட்டார்.

அக்கா தெளிப்பானைப் பிடுங்கி அறைக்குள் வைத்துப் பூட்டினாள். குட்டைச் செடிகளை நாற்றுப் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றினாள். நானும் கூட நின்றேன். ஜன்னலில் வைக்கத் தோதான உயரம். பூத்ததும் கடைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்குத்தான் அத்தான் சலவைச் சட்டையில் வெளியே வந்தார்.

"எப்படிங்க இவ்வளவு அழகா, குட்டையா வளர்த்தீங்க?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

"அதுக்குன்னு ஒரு மருந்து இருக்குங்க. அளவுதான் ரகசியம்."

கடைசித் தொட்டியை வண்டியில் ஏற்றிய அக்கா, வழியில் கிடக்கும் வாளியைச் சுற்றிப் போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.