அணையாத விளக்கு

விடிவதற்குள் எஞ்சின் இல்லாமல் கையாலேயே நாற்பது கூடை சேறு கரையேற்றிவிட்டோம். கல்வராயன் மலையடி ஏரியில் தூர்வாரும் படகில் எங்களுக்கு வேலை. அதன் அடியறையில் டீசல் எஞ்சின். ஓர் ஆள் குனிந்துதான் நிற்க முடியும். மூன்று நாளைக்கு முன் எங்கள் கூட்டாளி பொன்னுரங்கம் அங்கேதான் சுருண்டு விழுந்தான்.

நாங்கள் கிணறு வெட்டிப் பிழைத்தவர்கள். லாந்தரைக் கயிற்றில் இறக்குவோம். அணைந்தால் கெட்ட காற்று, இறங்க மாட்டோம். அன்றும் இறக்கினோம். ஜம்மென்று எரிந்தது. "எறங்குடா" என்றேன், பாவி நான். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது விளக்கையும் அணைக்காது என்று டாக்டர் சொன்னபோதுதான் தெரிந்தது. உயிர் பிழைத்தான். இன்னும் நடக்கவில்லை.

மெக்கானிக் மஜீத் இரண்டு கருவிகளைப் பற்றி விசாரித்து வந்திருந்தார். விஷக்காற்று பட்டால் பொட்டு கறுக்கும் அட்டை ஒன்று. அலறும் பேட்டரிப் பெட்டி மற்றது. பெட்டிதான் வேண்டும் என்றோம். காண்டிராக்டர் ஆதிமூலம் அட்டையோடு வந்தார்.

"இத மாட்டிக்கினு வேலையப் பாருங்க."

பொன்னுரங்கத்தின் மனைவி அம்சவள்ளி கூடையை இறக்கினாள். "உள்ள கும்மிருட்டுங்க. மயங்கி வுழறவன் பொட்டு கறுத்துதா, வெளுத்துதான்னு பாத்துக்கினு இருப்பானா?"

"பொட்டி மெட்ராஸ்லேந்து வரணும். இட ஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டையில மரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டாங்க. பறந்தா வரும்?"

"அட்ட மட்டும் எப்படிங்க வந்துச்சு?" என்றார் மஜீத்.

ஆதிமூலத்தின் முகம் கடுத்தது. "வெளக்கு எரிஞ்சுதில்ல? அப்புறம் இன்னா காத்து? குடிச்சிட்டு வுழுந்தான்!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. "அவன் குடிக்க மாட்டான். எறக்குனவன் நான். தப்பு என்னுது. இன்னொருத்தன எறக்க மாட்டேன்."

எஞ்சினைச் சுற்றிவிடும் கைப்பிடியைக் கழற்றி அம்சவள்ளியிடம் கொடுத்தேன். எல்லோரும் கரையில் உட்கார்ந்தோம்.

"மலையில ஆளா இல்ல?" என்று ஆதிமூலம் ஜீப்பில் ஏறிப் போனார்.

மதியம் வேறொரு கைப்பிடியோடும் நான்கு மலைக்காரர்களோடும் திரும்பினார். தானே லாந்தரைக் கொளுத்தி அடியறையில் தொங்கவிட்டார். "பாருங்க, எரியுது! எறங்குங்க."

அவர்களில் மூத்தவரான கந்தசாமி எங்களைப் பார்த்தார். "எரியுதே, அப்புறம் ஏன் நீங்க எறங்கல?"

"எஞ்சின் ஓடறப்பவும் எரியும்" என்றேன். "அன்னிக்கும் எரிஞ்சுதுங்க. நம்பித்தான் ஒருத்தன எறக்கினேன். இவ புருஷன். எஞ்சின் பொகையில சுருண்டு வுழுந்தான், இன்னும் நடக்கல." அம்சவள்ளியைக் காட்டினேன்.

கந்தசாமி விளக்கையே பார்த்தார். பிறகு அம்சவள்ளியை.

"யோவ், இன்னா நிக்கிற?" என்று கத்தினார் ஆதிமூலம்.

கந்தசாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். மற்ற மூவரும் அவர் பின்னால் கரையேறினார்கள்.

"கொஞ்சம் நவுந்து குந்தும்மா" என்றார் அம்சவள்ளியிடம். "பொட்டி வர எத்தினி நாளாவும்?"