ஐம்பத்தேழாம் எண் குப்பி

“உங்க புள்ளியைக் காட்டுங்க.”

சீனியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எந்தப் புள்ளி?”

“ஐம்பத்தேழுக்கு நீங்க வெச்ச புள்ளி. மூணும்.”

இப்போது திரும்பினார். அவர் வீட்டு பீரோ சாவியைக் கேட்டுவிட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

இந்த ஆய்வறையில் கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். சேர்ந்த முதல் நாளே எங்கள் துறைத் தலைவி சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் மேடம் என்போம். “இங்க எதை வேணும்னாலும் கேளு. லீவு கேளு, சந்தேகம் கேளு. உன் சீனியர் அளவை மட்டும் கேக்காத. உன்னோடதை அவனும் கேக்க மாட்டான்.” ஒரே படத்தை இரண்டு பேர், ஒருவருக்கு மற்றவர் அளவு தெரியாமல் அளக்க வேண்டும். ஒருவர் கண் தப்பவிட்டதை இன்னொருவர் கண் பிடிக்கும். நல்ல விதிதான். பதினொரு மாதம் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தேன்.

எங்கள் வேலை, ஈறு நோய் முற்றியவர்களின் பல்வேரை முப்பரிமாண ஸ்கேனில் அளப்பது. பல்லுக்கு மூன்று புள்ளி. எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கழுத்தில் ஒன்று, வேரின் நுனியில் ஒன்று, எலும்பு இன்னும் எதுவரை வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அங்கே ஒன்று. வேரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட எலும்பின் பிடியில் இல்லையென்றால் அந்தப் பல்லை எடுத்துவிடலாம் என்பது ஆய்வின் விதி. எடுத்த பல் உப்புநீர்க் குப்பியில் எங்களிடம் வரும். அதை நேரடியாக அளந்து, ஸ்கேன் எவ்வளவு சரியாகச் சொன்னது என்று ஒப்பிடுவோம். மொத்தம் அறுபது பல் வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள்.

இன்று காலை ஐம்பத்தேழு முதல் அறுபது வரை அளந்து அனுப்பிவிட்டு, திரை துடைக்கிற துணிக்காக அலமாரியைத் திறந்தேன். ஐம்பத்தாறு குப்பிகளில் ஐம்பத்தாறு பற்கள். அவற்றுக்கு அடுத்து, பல் இல்லாத நான்கு குப்பிகள். உப்புநீர் ஊற்றி, மூடியைத் திருகி, எண் அச்சடித்த சீட்டும் ஒட்டியாகிவிட்டது. சீட்டில் நேற்றைய தேதி.

நான் அளந்ததே இன்று காலைதான்.

முன்பெல்லாம் ஓர் எண் நிரம்புவதற்குள் நாலைந்து பேரை ஒதுக்குவோம். பிடி இருக்கிறது, எடுக்கத் தேவையில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, அதே எண்ணில் அடுத்தவரை அளப்போம். கடைசியாக யாரை ஒதுக்கினோம் என்று யோசித்தேன். நினைவுக்கே வரவில்லை. சில குப்பிகள் வந்தபோது நெருடியதுண்டு. இந்தப் பல்லில் பிடி இருந்ததே என்று. மேடம் பார்த்து முடிவு செய்திருப்பார், அவர் கண்ணுக்கு முன்னால் என் கண் எம்மாத்திரம் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பெரிய படிப்புப் படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. படத்தோடு எண் மட்டும்தான் வரும், பெயர் வராது. ஆனால் ஐம்பத்தேழு யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று புள்ளியும் வைத்துவிட்டுப் படத்தை வழக்கம்போல் சுழற்றினேன். மேல் முன்பல்லின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. முப்பது வருடம் நூல் கடித்துக் கடித்து விழுந்த வெட்டு. அத்தையின் பல். அப்பாவின் தங்கை, தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். யாருடையது என்று தெரிந்த உடனே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

நான்தான் அத்தையை இங்கே கூட்டிவந்தேன். பல் தேய்த்தால் ரத்தம் என்றாள். எங்கள் இடத்துக்கே வா என்றேன். இப்போது நடைபாதைக் கோடியில், காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பதினொரு மணிக்குப் பல் எடுக்கிறார்கள்.

“ஏண்டி, இதைப் புடுங்கிட்டா நூலை எதால கடிப்பேன்?” என்று காலையில் கேட்டாள். “கத்தரிக்கோலைத் தேடி எடுக்கிற நேரத்துல நாலு காலர் முடிச்சிருவேன்.”

“எடுத்தே ஆகணும்னாதான் எடுப்பாங்க அத்தை.”

“அதான் நீ இருக்கியே. நீ இருக்கிற எடத்துல எனக்கென்ன பயம்? புடுங்குன்னா புடுங்கட்டும், என் மாமியார் நாக்கையா புடுங்கச் சொல்றேன்? அதைச் சொன்னாதான் தப்பு.”

பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள்.

“விதி தெரியும்ல உனக்கு?” என்றார் சீனியர்.

“தெரியும். லேபிள் ஒட்டினது யாரு?”

“முன்னாடியே ஒட்டி வெக்கிறது வழக்கம். ஸ்டாக் சரிபார்க்க.”

“வாய்க்குள்ள இருக்கிற பல்லு எப்பலேர்ந்து நமக்கு ஸ்டாக்?”

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, மௌஸை என் பக்கம் நகர்த்தினார். அது எரிச்சலா நிம்மதியா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. “நீயாத்தான் பார்த்தே. நான் காட்டலை.”

ஐம்பத்தேழைத் திறந்தேன். என் அளவில் வேரின் நீளம் பன்னிரண்டு மில்லிமீட்டர். எலும்பின் பிடி நாலு புள்ளி எட்டு. நூற்றுக்கு நாற்பது. பல் ஆடும், ஆனால் நிற்கும். சீனியரின் அளவில் பிடி அதே நாலு புள்ளி எட்டு. வேரின் நீளம் பதினைந்து. நூற்றுக்கு முப்பத்திரண்டு. பிடுங்கு.

மூன்று மில்லிமீட்டர் எங்கிருந்து முளைத்தது? படத்தைப் பெரிதாக்கினேன். கழுத்தில் இருக்க வேண்டிய புள்ளி எனாமல் மேல் உட்கார்ந்திருந்தது. கடிக்கிற பாகத்தில் கொஞ்சத்தையும் வேர் என்று சேர்த்தால் வேர் நீளும். வேர் நீண்டால் பிடியின் பங்கு குறையும். அவ்வளவுதான் வித்தை.

அதைவிட, மற்ற இரண்டு புள்ளிதான் என்னை நிறுத்தியது. நுனியும் எலும்பும் தசமத்தின் கடைசி எண்வரை என்னுடையவை. தனித்தனியாக அளந்தால் கடுகளவாவது வித்தியாசம் வராமல் இருக்காது. என் கோப்பைத் திறந்து, பிரதி எடுத்து, ஒரே ஒரு புள்ளியை மட்டும் மேலே ஏற்றியிருக்கிறார்கள். விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் இந்த அறையில் நான் ஒருத்திதான்.

ஐம்பத்தாறைத் திறந்தேன். ஐம்பது. நாற்பத்தெட்டு. எல்லாவற்றிலும் புள்ளி மேலேறியிருந்தது. நாற்பத்து மூன்றில் மட்டும் கழுத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

“நாப்பத்து நாலுலேர்ந்தா?” என்றேன்.

“கடைசித் தேதி சொல்லிக் கடிதம் வந்தது அப்பதான்.” சீனியர் கதவைப் பார்த்துக்கொண்டார். “கழுத்து சரியாத் தெரியலைன்னா கொஞ்சம் மேல பார்த்து வைன்னு மேடம் சொன்னாங்க.”

“பதிமூணு பேருக்கும் சரியாத் தெரியலையா?”

“என் பட்டத்துக்கான கையெழுத்தும் அவங்க கையிலதான் இருக்கு. உனக்கு மட்டுமா பட்டம் வேணும்?”

கதவு திறந்தது. மேடம் உள்ளே வந்து, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, நிதானமாகக் கதவைச் சாத்தினார்.

“உட்காரும்மா.”

“நிக்கிறேன்.”

“ஐம்பத்தேழு உன் சொந்தக்காரங்கதானே? வரவேற்புல நீதான் அவங்களைக் கூட்டிவந்ததா எழுதியிருக்கு.”

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“சொந்தக்காரங்க பல்லுன்னு தெரிஞ்சு அளந்திருக்கே. விஷயம் வெளிய போனா, பிடியைக் கூட்டிக் காட்டினது நீன்னுதான் சொல்லுவாங்க. யோசிச்சியா?”

“மூணு புள்ளியும் வெச்சப்புறம்தான் தெரிஞ்சது. சொல்லாம விட்டது என் தப்பு. அப்ப ஐம்பது யாரு சொந்தம்? நாப்பத்தெட்டு?”

மேடம் பெருமூச்சு விட்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. “இதெல்லாம் இன்னிக்கு இல்லைன்னா ரெண்டு வருஷத்துல தானா விழுற பல்லு. கொஞ்சம் முன்கூட்டி எடுக்கறோம். இதால நாளைக்கு எத்தனை பேர் பல்லு பிழைக்கும், பாரு.”

“பிடுங்கினதை நேர்ல அளந்தா வேர் பன்னெண்டுதானே வரும்? ஸ்கேன்ல பதினஞ்சுன்னா ஆய்வே நாறிப்போகுமே?”

“ஆய்வுக்கு உன் அளவுதான் போகுது.” ஏதோ பரிசு கொடுப்பதுபோல் சொன்னார். “பல்லோட எவ்வளவு துல்லியமா ஒத்துப்போகுது தெரியுமா? கட்டுரையில முதல் பேரே உன்னோடதுதான் போடப்போறேன்.”

பிடுங்குவதற்குச் சீனியர் அளவு, எழுதுவதற்கு என் அளவு. என் நேர்மை இவர்களுக்கு வேண்டியிருந்திருக்கிறது. பல் வெளியே வந்த பிறகு.

“சரி,” என்றார் மேடம், நான் நிற்பதைத் தப்பாகப் படித்துக்கொண்டு. “ஐம்பத்தேழை விட்டுடலாம். அத்தையைக் கூட்டிட்டுப் போ. ஈறு சுத்தம் பண்ண நானே நேரம் ஒதுக்கித் தரேன். வேற ஆளை வெச்சுக்கறோம்.”

வேற ஆள்.

காலையில் அத்தையின் பேச்சுக்குச் சிரித்த மூன்று பேர் எனக்கு ஞாபகம் வந்தார்கள். கையில் அட்டையோடு ஒரு லாரி ஓட்டுநர். வாயைப் பொத்திச் சிரித்த ஒரு டீச்சர். இவர்கள் இரண்டு பேரையும் எனக்கு முன்பின் தெரியாது. மூன்றாமவர் எங்கள் கட்டடத்திலேயே தரை துடைக்கிற அக்கா. தினம் நான் செருப்பை எடுத்துக்கொள்ளும்வரை துடைப்பத்தோடு காத்து நிற்பவர். இவர்களுக்கும் இன்றுதான் பல் எடுக்கிறார்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. அவர்களுக்கு இந்தக் கட்டடத்தில் படித்த மருமகள் யாரும் இல்லை.

அலமாரியைத் திறந்து நான்கு குப்பிகளையும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன். இந்தக் கோட்டைத் தைத்தவள் அத்தைதான். “படிக்கிற புள்ள, பேனா கீழ விழக்கூடாது” என்று பையை முழங்கை ஆழத்துக்குத் தைத்துக் கொடுத்தாள். நான்கும் அடங்கின.

“அதை வெச்சுட்டுப் போ,” என்றார் மேடம். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. “உன் பட்டத்துக்கு வேண்டிய கையெழுத்து, உன் மூணு வருஷப் படிப்பு, எல்லாம் என் மேஜையில இருக்கு.”

“இருக்கட்டும் மேடம். தேதி போட்ட லேபிள் எங்கிட்ட இருக்கு.”

சீனியர் எழுந்து நின்றார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். கதவுக்குக் குறுக்கே கிடந்த தன் நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நடைபாதையில் நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் பையில் குப்பிகள் ஒன்றோடொன்று மோதின. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக ஏழு நிமிடம் இருந்தது. அத்தை என்னைப் பார்த்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “என்னடி, என் நம்பர் வந்துடுச்சா?”

“உட்காரு அத்தை,” என்றேன். பிறகு, நாற்காலிகளில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினேன். “யாரும் உள்ள போகாதீங்க.”