பயனர் ரத்து செய்தார்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகம். மென்பொருளைச் சோதிக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆப் எழுதுகிற அவள் கணவனுக்கு நிதானம் என்று பெயர். தலைபோகிற காரியமானாலும் அவன் குரல் உயராது. ஒரே குழு, எதிரெதிர் மேசை. அங்கே இருவரும் மரியாதையாக 'நீங்க' போட்டுப் பேசிக்கொள்வார்கள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் 'நீ' வந்துவிடும்.

அன்று காலையிலிருந்தே சந்தேகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடும் ஆப் மாலைக்குள் வெளியாக வேண்டும். அவள் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழுத்தலைவர் வெளியிட்டுவிடுவார். அந்த ஒரு வார்த்தைதான் அவள் வாயில் வர மாட்டேன் என்றது. போன வாரம் சோதிக்கும்போது ஒரே ஒரு முறை, அவள் போட்ட அழைப்பு போய்ச் சேரவில்லை. குழுவின் பிழைப் பட்டியலில் அதற்கு ஒரு டிக்கெட் போட்டாள். நிதானம் ஆப் தானாக எழுதிவைக்கும் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'பயனர் ரத்து செய்தார்' என்று எழுதி அதை மூடினான்.

"நான் எதுக்கு ரத்து பண்ணப் போறேன்?" என்று கேட்டாள்.

"பதிவுல அப்படித்தாங்க இருக்கு. கை பட்டிருக்கும்."

கை பட்டிருக்குமாம். கட்டின பெண்டாட்டி சொல்வதைவிட அந்தப் பதிவு சொல்வதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் டிக்கெட்டைத் திரும்பத் திறந்தாள்; அவன் திரும்ப மூடினான். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே போனால் மூக்குதான் உடையும் என்று மற்றவர்கள் தங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல்வரை நடந்தாள், சோதனைப் போனில் அழுத்திக்கொண்டே திரும்பி வந்தாள். எப்படி அழுத்தினாலும் சனியன் ஒழுங்காக வேலை செய்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் முதுகுக்குப் பின்னால் வந்து, "சரி சொல்லியாச்சா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. விரல் இரண்டு தடவை பட்டுவிட, அழைப்பு ரத்தானது.

அப்போதுதான் கவனித்தாள். முதல் முறை அழுத்தியதும் அந்தச் சிவப்புப் பொத்தானே, அதே இடத்தில், ரத்துப் பொத்தானாக மாறிவிடுகிறது. போன வாரமும் அதுதான் நடந்திருக்கிறது. அன்று இந்தப் போன் கையில் இருக்கும்போதுதான் அவர்கள் பாப்பாவுக்கு வலிப்பு வந்துவிட்டதாகக் குழந்தைக் காப்பகத்திலிருந்து தகவல் வந்தது. அந்தப் பதற்றத்தில் எத்தனை தடவை அழுத்தினாளோ, யாருக்குத் தெரியும். அதற்குப் பிறகு மருத்துவர், காலை மருந்து ஒருநாளும் தவறக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதைக் கொடுப்பது நிதானத்தின் பொறுப்பு.

கூட்டத்தைக் கூட்டச் சொல்லி விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு தடவ அழுத்தினாப் போதும்னு எழுதியே இருக்கேங்க. ரெண்டு தடவ எதுக்கு அழுத்தப் போறாங்க?" என்றான் நிதானம்.

"பதட்டத்துல அழுத்துவாங்க."

தலைவர் சலித்துக்கொண்டார். "இத்தன பேர் சோதிச்சிருக்கோம், யாருமே அப்படி அழுத்தலையேம்மா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். சரின்னு சொல்லிடுங்க."

குளிரூட்டிய அறையில் காப்பி குடித்துக்கொண்டு சோதித்தால் யார்தான் இரண்டு தடவை அழுத்துவார்கள்? எங்கோ ஒரு வீட்டில் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். வரவிருந்த ஆம்புலன்ஸைத் தானே வேண்டாம் என்றது தெரியாமல் ஒருத்தி வாசலையே பார்த்து நிற்பாள். அவள் கணக்கிலும் 'பயனர் ரத்து செய்தார்' என்ற இதே வரியைத்தான் எழுதுவார்கள்.

சோதனைப் போனை நிதானத்தின் கையில் கொடுத்தாள். அதன் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது.

"நீங்களே அழுத்திக் காட்டுங்க."

அவன் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினான்.

"காலைல பாப்பாவுக்கு மருந்து குடுத்தியா நீ?"

'நீ' என்றதும் அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஐயையோ!"

"அழுத்து! சீக்கிரம்!"

டக் டக். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அழுத்தினான். அழைப்பு ரத்து செய்யப்பட்டது என்று சுவரில் எழுத்து வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. போனை மேசையில் போட்டுவிட்டு, நாற்காலி சரிய, கதவைப் பார்த்து ஓடினான்.

"நான் குடுத்துட்டேன்!" என்று கத்தினாள். "நீ மறந்துட்டே. நான் பாத்துக் குடுத்துட்டேன். அங்க சுவத்தப் பாரு."

அவன் நின்று, திரும்பிப் பார்த்தான். எழுத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்று வெளியீடு கிடையாது என்று சொன்னார். யாரோ கைதட்டப்போய், நிதானத்தின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார். ஜெயித்த சந்தோஷம் அவளுக்குத் துளியும் வரவில்லை. நாலு பேர் முன்னால் அவன் ஈரக்குலையை நடுங்க வைத்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அவன் அவள் பக்கத்தில் வந்தான்.

"டிக்கெட்டைத் திறந்துட்டேன். பொத்தானை மாத்திடறேன்."

"ம்."

"இதத் தனியாக் கேட்டிருக்கலாம்."

"தனியாச் சொன்னதத்தான் ஒரு வாரமா மூடிமூடி வச்சியே."

அவன் நகரவில்லை.

"நெஜமாவே குடுத்தியா? இல்ல, என்னை நிறுத்தறதுக்காகச் சொன்னதா?"

"குடுத்தேன். சத்தியமா."

அவன் தலையாட்டினான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், தன் போனை எடுத்துக் காப்பகத்தைக் கூப்பிட்டான். காலையில் அம்மா மருந்து கொடுத்தாளா என்று பாப்பாவிடமே கேட்டுச் சொல்லும்படி அவன் சொல்வது உள்ளேவரை கேட்டது. தன் வாய்ச் சொல் இனி அவனுக்குப் போதாது என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவனுக்குப் பதில் கிடைக்கும்வரை அவளும் உட்காராமல் நின்றாள்.