தூங்க வைத்த பைகள்

ஒரு குழந்தையின் கழுத்து எண்பத்தைந்து சென்ட். ஜி.எஸ்.டி. தனி. நூறு கொண்ட பெட்டியாக எடுத்தால் எழுபத்தெட்டுக்குக் கொடுப்பேன். அதற்கும் கீழே கேட்டவர்கள் உண்டு.

நான் சொல்வது சங்கிலிப் பிடியை. சுருள் திரையை ஏற்றி இறக்க ஜன்னல் ஓரத்தில் மணிச் சங்கிலி ஒன்று வளையமாகத் தொங்குமே, அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் துண்டு. அது இல்லாவிட்டால் வளையம் தளர்ந்து, இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்துக்குச் சரியாகத் தொங்கும். சட்டப்படி மாட்டியே ஆக வேண்டும். மாட்ட நாலு நிமிஷம் ஆகும். சண்டை முழுவதும் அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான்.

திரை மாட்டும் தொழிலுக்கு அரசாங்கச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு ஒரு தடவை அதன் பாடத்திட்டத்தை எடுத்துத் தூசி தட்டுவார்கள். இந்தத் தடவை தட்டக் கூப்பிட்ட ஆறு பேரில் நானும் ஒருவன். டாண்டினாங்கில் திரைத்துணியும் உதிரிச் சாமான்களும் மொத்தமாக விற்கிறவன் என்ற தகுதி. தலைமை தாங்க கான்பராவிலிருந்து ஹேமிஷ் என்பவர் மடிக்கணினியோடு வந்திருந்தார். அவருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு சமமாக விழுந்தால் பழையது பழையபடியே இருக்கும் என்பது விதி.

கூட்டம் கீஸ்பரோ சமூகக் கூடத்தில் நடந்தது. பக்கத்து அறையில் செவ்வாய்தோறும் தத்தித் தத்தி நடக்கிற குழந்தைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து விளையாட விடுவார்கள். அவர்கள் தட்டுகிற தகர மேளம் சுவரைத் தாண்டி எங்கள் பேச்சில் விழுந்துகொண்டிருந்தது.

வரைவின் முதல் முப்பது பக்கம் வழக்கமான வசவுகளோடு முடிந்தது. முப்பத்தொன்றில் வண்டி நின்றது.

நிறுத்தியவள் ரீட்டா ஸ்பிட்டேரி. தொழிற்கல்லூரியில் திரை மாட்டச் சொல்லிக் கொடுக்கிறாள், மாணவர்களைச் சோதித்துத் தேர்ச்சி கொடுக்கிற மதிப்பீட்டாளரும் அவளே. சங்கிலிப் பிடிப் பாடம் வரைவில் விருப்பப் பாடமாக, ரிமோட் பழுது பார்ப்பதற்கும் வெயில் பந்தல் கழுவுவதற்கும் நடுவே கிடந்தது. அதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும், ஒவ்வொருவரும் மதிப்பீட்டாளர் கண்ணெதிரே பத்து நிஜ ஜன்னலில் மாட்டிக் காட்ட வேண்டும் என்றாள். இதற்காகத்தான் ஒரு வருஷமாக இந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்த்தவன் டெஸ் ஹாலோரன். நாற்பது வேன் ஓட்டுகிறவன். ஆட்களுக்குச் சம்பளம் கிடையாது, ஒரு திரைக்குப் பதினாலு டாலர். நாலு நிமிஷம் கூடினால் பதினேழு கேட்பார்கள். ரீட்டா அவனிடம் பதினொரு வருஷம் வேலை பார்த்து, ஆறு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் விட்டுப் போனவள். அன்றிலிருந்து டெஸ் அவளோடு நேராகப் பேசியதில்லை. எதிரில் இருந்தாலும் மூன்றாவது ஆள் மூலமாகத்தான் திட்டுவான்.

"டீச்சரம்மாகிட்ட சொல்லுங்க ஹேமிஷ். சட்டத்துல இருக்கறதயே எதுக்குப் பாடத்துலயும் திணிக்கணும்?"

"சட்டத்துல இருக்கறதெல்லாம் உன் வேன்ல இருக்கா டெஸ்?" என்றாள் ரீட்டா.

"என் ஆளுங்க ஒவ்வொரு வீட்டுலயும் பிடியக் குடுக்கறாங்க, கையெழுத்து வாங்கறாங்க. பேப்பர் இருக்கு. அதுக்கு மேல கொழந்தயப் பாத்துக்கறது அப்பன் ஆத்தா வேலை. அதையும் நானே செய்யணும்னா டயபரும் மாத்தி விடறேன், அதுக்கு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க."

அவன் பக்கம் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். இருவரும் அவனிடம் ஆர்டர் எடுக்கிறவர்கள், சிரிப்பும் விலையில் சேர்த்தி. ரீட்டாவுக்குத் தொழிற்சங்கத்து ஆள் ஒருவர்தான் நிச்சயம். மூன்றுக்கு இரண்டு. நான் ரீட்டா பக்கம் போனாலும் சமம்தான் ஆகும், பாடம் செத்துவிடும். என் துணியில் மூன்றில் ஒரு பங்கு டெஸ் வாங்குகிறான். ஆகவே நான் லாமிங்டன் கேக்கைத் தின்றுகொண்டு காகிதத்தைப் பார்த்தேன்.

ரீட்டா எழுந்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். திரைக்கு மேலே அதன் உருளையை மறைக்கிற மரப்பெட்டி இருக்கும். அதன் மேற்புறத்தில் கையை விட்டுத் துழாவி, தூசி படிந்த சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தாள். உள்ளே பிடி, திருகாணி இரண்டு. வெளியே ஹாலோரன் கம்பெனி லேபிள். அதை டெஸ்ஸுக்கு முன்னால் போட்டுவிட்டு நாற்காலியை அடுத்த ஜன்னலுக்குத் தள்ளினாள்.

கூடத்தில் பதினொரு ஜன்னல். பத்துப் பை கிடைத்தது. பதினொன்றாவதில் மரப்பெட்டி மேலே வெறும் தூசிதான் இருந்தது. ஒரு ஜன்னலிலும் பிடி மாட்டியிருக்கவில்லை. பதினொரு வளையமும் தாராளமாகத் தொங்கின. ஒன்று, பக்கத்து அறைக்குப் போகும் கதவை ஒட்டி.

இந்தத் தொழிலில் இதற்குப் பையைத் தூங்க வைப்பது என்று பெயர். பொருளைக் கொடுத்தாயிற்று என்று கையெழுத்து வாங்கியாயிற்று. யாராவது கேட்டால் பொருளும் வீட்டில்தான் இருக்கிறது. பெட்டி மேலே யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள். எனக்கு இது பல வருஷமாகத் தெரியும். பிடியோடு வருகிற திருகாணி மரத்தில்தான் நிற்கும், செங்கல் சுவருக்கு, துளையில் செருகுகிற பிளாஸ்டிக் பிளக் தனியாக வாங்க வேண்டும். பெட்டி பெட்டியாகப் பிடி வாங்கியவர்கள் யாரும் என்னிடம் பிளக் கேட்டதில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை.

டெஸ் பைகளைப் பார்த்தான். பிறகு ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்துப் பேசினான்.

"மேல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வச்சேன்."

கையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

அன்றைக்கு இருபத்திரண்டு திரை கணக்கு, இந்தக் கூடம் அதில் பாதி, மழைக்கு முன் முடிக்க வேண்டியிருந்தது என்றாள். எல்லோரும் செய்ததை அவளும் செய்தாள். இந்த ஒரு கூடம் மட்டுமல்ல. பிறகு ஒரு நாள் நோபிள் பார்க் பகுதியில் ஒரு வீட்டில் திரை சிக்கிக்கொள்கிறது என்று கூப்பிட்டார்கள், போனாள். அந்த வீட்டுப் பெண் குழந்தை சங்கிலியை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றது. அம்மா சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ரீட்டா ஏணியில் ஏறினால், பெட்டி மேலே அவள் வைத்த பை. குழந்தையின் தலை வழியே வளையத்தைக் கழற்றி, பிடியை மாட்டிவிட்டு, மறுநாள் டெஸ்ஸிடம் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

வேறொருத்தன் என்றால் தலை குனிந்திருப்பான். டெஸ் வியாபாரி, கதை முடிவதற்குள் காகிதத்தைப் புரட்டிவிட்டிருந்தான்.

"ஒம்பதாம் பக்கம் படிங்க ஹேமிஷ். சத்தமா."

ஹேமிஷ் படித்தார். பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாகத் தெரிய வந்தவர் மதிப்பீட்டாளராக இருக்க முடியாது. போன மாதம் அந்த வரியைச் சண்டை போட்டுச் சேர்த்தவளே ரீட்டாதான். டெஸ்ஸின் சொந்தக்காரன் ஒருவனை வெளியே வைப்பதற்காக.

"கேட்டீங்கல்ல? அவ வாயாலயே சொன்னா, எழுதிக்கங்க," என்றான் டெஸ். ஹேமிஷ், எழுதுவதென்றால் பைகளில் உள்ள கம்பெனிப் பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. டெஸ் சுவரைப் பார்த்தான், பத்துப் பைகளையும் பார்த்தான். மேலுதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, இப்படி வச்சுக்கலாம். குறிப்புல கம்பெனி பேரு வேண்டாம், இவ பேரு வரட்டும். முப்பத்தொண்ணுக்கு நானே கை தூக்கறேன், என் ஆளுங்களும் தூக்குவாங்க. பாடம் உள்ள, இவ வெளிய."

மேஜைக்குக் கீழே ரீட்டாவின் காலை மிதித்தேன். பேசாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும், அவன் இறங்கி வருவான். சாமான் அவன் பெயரோடு மேஜைமேல் கிடக்கிறது, பக்கத்து அறையில் தாய்மார்கள். அவள் வேலையை விட்டுக் கொடுக்காமலே பாடத்தை வாங்கியிருக்கலாம்.

"சரி," என்றாள் ரீட்டா. "எழுதிக்கங்க."

நான் சந்தைக் கடைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன். முதலில் சொன்ன விலைக்கே கை கொடுத்த ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆறு கைகளும் உயர்ந்தன. என்னுடையதும்தான். ஜெயிக்கிற பக்கம் கை தூக்க எனக்குச் சிரமம் இருந்ததில்லை. டெஸ் போகும்போது கதவருகே நின்று, "ஸ்பிட்டேரி, இனி இந்த ஊர்ல ஒனக்கு ஒரு திரைச்சீலை மாட்டற வேலைகூடக் கெடைக்காது," என்றான்.

"பேர் ஞாபகம் இருக்கே, சந்தோஷம்," என்றாள் அவள்.

வேனிலிருந்து துளைப்பானை எடுத்துவந்து பத்து ஜன்னலுக்கும் மாட்டினாள். சுவர் செங்கல். என் வண்டியிலிருந்து பிளக் கொண்டுவந்து கொடுத்தேன், பதினொன்றாவதுக்கு ஒரு பிடியும்.

"அவசரப்பட்டுட்ட ரீட்டா. இன்னும் கொறச்சிருப்பான்."

"எனக்குக் கொறயக் கூடாது எலியாஸ்," என்று சொல்லிவிட்டு, கதவோரச் சங்கிலியை இழுத்து விரலால் சுண்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

கல்லூரி அந்த மாதமே அவளை அனுப்பிவிட்டது. பாடம் ஜனவரியில் அமலுக்கு வந்தது. டெஸ் நாற்பது வேனுக்கும் பிளக் வாங்க வந்து, என்னைப் பத்து நிமிஷம் வைதுவிட்டு, முழு விலை கொடுத்துப் போனான். ரீட்டா ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் பதினொரு வருஷத்துப் பழைய வேலை நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய் மணி அடிக்கிறாள். சிலர் நாயை அவிழ்த்து விடுகிறார்கள். சிலர் எதையோ விற்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். திறக்காத கதவையும் அவள் பாக்கியில்தான் வைக்கிறாள்.

போன வாரம் நூறு பிடி வாங்க வந்தபோது காலியான பழைய பிடிப் பெட்டியை என் மேஜையில் விட்டுப் போனாள். மூடியில் பென்சிலால் எழுதியிருந்தது: தூங்க வைத்தது 6,340. எழுப்பியது 412. பாக்கி 5,928.