குறுக்குமரம்

பூட்டுக்காரர் கொண்டியின் ஆணியைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. முப்பது வருடமாக ஊரார் வீட்டுக் கதவுகளையெல்லாம் திறந்துவிட்ட கைக்குச் சுண்டுவிரல் நீள ஆணி ஒன்று தண்ணி காட்டியது. படகின் பாயை நேற்றே அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது அதன் அடிவிளிம்பைத் தாங்கும் குறுக்குமரம்தான். பெயர்தான் மரம், உண்மையில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் அலுமினியக் குழாய். முன்முனை பாய்மரத்தில் கொண்டியால் மாட்டியிருக்கும். பின்முனை காற்றோ படகோ திரும்பும்போதெல்லாம் படகின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும். அது பாய்வதற்கு முன்னால் சுக்கான் பிடிப்பவர் "தலை!" என்று கத்தியாக வேண்டும். படகில் ஏறுகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

"ரெண்டு பேர் வேலை சார் இது. ஒரு கை பிடிக்கவா?" என்று துறைக் காவலாளி கேட்டான்.

"வேண்டாம்ப்பா. நானே பார்த்துக்கறேன்."

காவலாளி தோளைக் குலுக்கிக்கொண்டு பலகை நடைபாதையின் கடைசியில், வாசலை ஒட்டியிருந்த தன் அறைக்குப் போய்விட்டான்.

நாளை மறுநாள் கொக்கு வருகிறான். கொக்கு என்பது மனைவியின் தம்பி. ஆறடி இரண்டங்குலம், பஸ் டிரைவர், இந்தப் படகில் சரிபாதிப் பங்குக்காரன். இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தக் குறுக்குமரம் அவன் மண்டையில் அடித்தது. உயிர் பிழைத்துவிட்டான். வார்த்தைகள்தான் பாதி திரும்பி வரவில்லை. கரண்டியைச் சாவி என்கிறான், அக்காவைச் சில நேரம் அம்மா என்கிறான். அடிபட்ட நாள் அவன் தலையில் சுத்தமாக இல்லை. பழகின இடங்களுக்குக் கூட்டிப் போங்கள், ஒவ்வொன்றாக ஞாபகம் வரும் என்று டாக்டர் சொன்னபோது வீடே சந்தோஷப்பட்டது. பூட்டுக்காரர் மட்டும், படகுக்கும் கூட்டிப் போகணுமா என்று கேட்டார்.

"அந்தத் தடியைப் பார்த்தா மிரண்டுடுவான். கழட்டி ஷெட்ல போட்டுடறேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவ எனக்கே தோணலைங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். அன்றைக்குக் காலையிலிருந்தே கொக்கு அவரைச் சீண்டிக்கொண்டிருந்தான். "அத்தான், நீங்க ஓட்டற வேகத்துக்கு நான் நீந்தியே போய்ச் சேர்ந்துடுவேன்." பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். இருடா மவனே, ஒரு பயம் காட்டுகிறேன் என்று அவர் சொல்லாமல் கொள்ளாமல் சுக்கானைத் திருப்பினார். தடி அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போகும், பதறுவான், சிரிக்கலாம் என்று கணக்கு. கொக்கு அந்த நேரம் பார்த்து எழுந்து நின்றான். விளையாட்டு வினையாகும் என்பதைச் சின்ன வயதிலிருந்து காதால் கேட்டிருந்தார். அன்றைக்குக் கண்ணால் பார்த்தார்.

"நான் கத்தினேன். அவன் கவனிக்கலை" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னார். பயத்தில் வாயில் வந்தது அது. அப்புறம் மாமியாரிடம் சொன்னார், டாக்டரிடம் சொன்னார், சொல்லச் சொல்ல அவருக்கே பழகிவிட்டது. பழகாத ஒன்று உண்டு. "அத்தான் அப்படிக் கத்தியிருக்கார், காதை எங்கடா வச்சிருந்த?" என்று மனைவி தம்பியைக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்வான். "தப்பு... என் தப்பு. அத்தான்... பாவம்" என்று வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொல்வான்.

எண்ணெய் விட்டு மறுபடி தட்டியதில் ஆணி நகர்ந்தது. தனி ஆளாகச் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பாய் ஏற்றும் கயிற்றைப் பின்முனையில் கட்டி மேலிருந்து தொங்கவிட்டுவிட்டால் பாதி எடையைக் கயிறு பார்த்துக்கொள்ளும். முன்முனையை ஆணியிலிருந்து விடுவித்துத் தோளில் வாங்கி, போர்வை விரித்த படகறைக் கூரைமேல் இறக்கிவிட்டு, பிறகு கயிற்றைத் தளர்த்த வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்தார். பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை அவிழ்த்தவர், அதற்குப் பதிலாக வேறொன்று கட்ட மறந்துபோனார். கயிறு மேலே தாங்குமே தவிர, ஆடாமல் பிடிக்காது.

ஆணி கையோடு வந்தது. பாரம் தோளில் இறங்கியது. அதே நேரம் பின்பக்கம் படகு லேசாக அமிழ்ந்தது.

"தனியா மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும். சாப்பிட்டுட்டுச் செய்யுங்க." மனைவி தூக்குவாளியை இருக்கைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

துறைக்கு வெளியே ஒரு மோட்டார் படகு போனது. அதன் அலை வந்து சேர்ந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த பின்முனை நகர்ந்து, வேகமெடுத்து, நேராக அவள் தலையைப் பார்த்துப் போனது.

"தலை! குனி!"

அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். அவள் யோசிக்கவே இல்லை, பொத்தென்று உட்கார்ந்தாள். குழாய் அவள் உச்சந்தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. நாலு படகு தள்ளித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வாசலில் காவலாளி அறையை விட்டு வெளியே ஓடி வந்தான். "என்ன சார் ஆச்சு?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அடி படலையே?" அவருக்கு மூச்சு வாங்கியது.

அவள் உட்கார்ந்தபடியே திரும்பினாள். வாசலைப் பார்த்தாள். அங்கே நிற்கிற காவலாளியின் தலை பட்டாணி அளவுக்குத்தான் தெரிந்தது. பிறகு சுக்கானைப் பார்த்தாள், அதற்கு எதிரே இருந்த இருக்கையைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

"அவ்வளவு தூரத்துல இருக்கறவனுக்குக் கேட்டிருக்கு" என்றாள் மெதுவாக.

"அலை வந்ததுல..."

"தம்பி இங்கதானே உட்கார்ந்திருந்தான்?"

தோள் எலும்பு தெறிக்கிற மாதிரி இருந்தது. இறக்கிவைக்கலாம் என்றால் பின்முனை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது திரும்பி வரும்போது அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினாள். ஆட்டம் நின்றது. அவள் அதை இறக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்த முனையைப் பிடித்தபடி, குழாயின் நீளம் முழுக்கப் பார்த்து, இந்த முனையில் அவர் வாய் திறப்பதற்காகக் காத்து நின்றாள்.