மஞ்சள் சாரைக்கு மாப்பிள்ளை

களுதாவளையில் நான் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறேன். நீல வால் கப்பியையும் சிவப்பு வால் கப்பியையும் சேர்த்து ஊதா வால் எடுத்தவன் என்று எனக்குச் சின்னதாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

போன வேளாண்மை வெட்டின்போது மண்டூர் வயல் வட்டையில், வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு சாரைப்பாம்பு ஓடியது. தடியோடு துரத்தியவர்கள் அதன் நிறத்தைக் கண்டு நின்றுவிட்டார்கள். பழுத்த எலுமிச்சை நிறம், மாதுளை முத்துப் போலக் கண்கள். எனக்குத் தகவல் வந்தது, சாக்கோடு போனேன். அது கையில் இரண்டு தரம் கடித்தது. சாரைக்கு விஷமில்லை என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே, இரத்தம் வழிய வழிய வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வெளிநாடுகளில் பாம்புகளை நிறம் பார்த்துச் சோடி சேர்ப்பவர்களின் வீடியோக்களை நான் வருடக்கணக்காகப் பார்த்து வந்தவன். மஞ்சளைச் சாதாரண சாரையோடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் சாதாரண நிறந்தான். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் ஒளிந்திருக்கும். அவற்றில் ஒன்றைத் திரும்ப மஞ்சளோடு சேர்த்தால் பாதிக் குட்டிகள் மஞ்சள். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று தலைமுறைக்கு வம்சாவளி வரைந்தேன். பிறக்காத இனத்துக்கு 'மட்டக்களப்புத் தங்கம்' என்று பெயரும் வைத்தேன்.

என் மனைவி அஜந்தா குடும்பநல மருத்துவமாது. பதினாறு வருடமாகக் கர்ப்பிணிகளைப் பார்ப்பவள்.

"இது ஆணா பெண்ணா?" என்று கேட்டாள்.

"பெண்."

"எப்பிடித் தெரியும்?"

"நிறத்தைப் பாரன், எவ்வளவு வடிவா இரிக்கு."

"வடிவா இருந்தாப் பெண்ணா? நாங்க பிள்ளைகளுக்கு அப்பிடிப் பாத்து எழுதுறல்ல." பிறகு, "இதுகள வளக்க அனுமதி எடுக்கணுமே?" என்றாள்.

"முதல்ல குட்டி வரட்டும்."

அரிசி ஆலையில் எலி பிடித்துத் திரிந்த ஒரு கறுத்த சாரையை மாப்பிள்ளையாகப் பிடித்து வந்தேன். அதன் பருமனையும் நீளத்தையும் பார்த்தே ஆண் என்று தீர்மானித்தேன். அதில் மட்டும் பிழையில்லை. இரண்டையும் பழைய கோழிக்கூட்டில் விட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, இரண்டும் முறுகிப் பின்னி முழ உயரத்துக்கு எழும்பி ஆடின. நான் கைப்பேசியில் நேரலை தொடங்கினேன். "இப்பிடியொரு சோடியை நீங்க எங்கயும் கண்டிருக்க மாட்டீங்க" என்று கலியாண வீட்டு ஒலிபெருக்கிக் குரலில் பேசினேன். அயல் முழுக்க வந்து வேலியோரம் நின்றது. சாரை இணையும்போது மேலே வெள்ளைத் துணி விரித்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. பக்கத்து ஒழுங்கை விதுர்ஷா துணியோடு ஓடி வந்தாள். அவளுக்கும் லக்ஷனுக்கும் கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளையில்லை. அவள் ஒரு தலைப்பையும் அவன் மற்றத் தலைப்பையும் பிடித்துக் கூட்டின்மேல் விரித்தார்கள்.

"வீண்போகாது தங்கச்சி" என்றேன், கோயில் ஐயரைப் போல. அதுவும் நேரலையில் போனது.

வீடியோவைக் கண்டு ஏறாவூரிலிருந்து நஸ்ஹா என்ற மிருக வைத்தியர் சனிக்கிழமை வந்தார். ஒவ்வொரு பாம்பின் வாலையும் தூக்கி, அடிப்பக்கம் தடித்திருப்பதை விரலால் காட்டினார்.

"ரெண்டும் ஆண், அண்ணன்."

"அப்ப அண்டைக்கு ஆடினது?"

"சண்டை. ஆணும் ஆணுந்தான் இப்பிடி எழும்பி முறுகும். மற்றதுட தலைய நிலத்தில அமத்தினது வெண்டது."

"எது வெண்டது, டொக்டர்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது.

"மஞ்சள்" என்றார். அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், நீங்களே அறிவித்துவிடுங்கள் என்றும் சொன்னார். அவர் படலையைத் தாண்டும்வரை அஜந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கோழிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

நான் அறிவித்ததும் வந்த வனவிலங்கு அதிகாரிகள் கறுப்பை ஆலைப் பக்கமே விட்டார்கள். மஞ்சளை வெளியில் விட்டால் பருந்துக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்று தங்களோடு கொண்டுபோனார்கள். என்னைக் கடுமையாக எச்சரித்தார்கள். வீடியோவை அழித்தேன். அதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தது.

"விதுர்ஷாட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்றாள் அஜந்தா. "வீண்போகாதெண்டு சொன்னது உங்கட வாய்தானே."

ஒழுங்கையில் அவள் வாசல்வரை போய் இரண்டு தரம் திரும்பி நடந்து, மூன்றாம் தரம் உள்ளே போனேன். லக்ஷன் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, பாம்பின் வால் அமைப்புவரை விளக்கிவிட்டேன். விதுர்ஷா தேத்தண்ணியைக் கையில் தந்தாள்.

"கேள்விப்பட்டம் அண்ண. அதுக்கு முதல் ரெண்டு மாசமா இவர் என்னோட ஒழுங்காக் கதைக்கல்ல. கிளினிக்குக்கு வாங்க எண்டாக் கோவிப்பார். அண்டைக்குத் துணிட மற்றத் தலைப்பைப் புடிங்க எண்டன், வந்து புடிச்சார். புதன்கிழமை ரெண்டு பேருமாப் போய் டொக்டரக் காட்டினம்."

தேத்தண்ணியைக் குடித்தேன்.

லக்ஷன் வலையிலிருந்து தலை நிமிர்த்தாமலே சொன்னான்: "ஆடு வளருங்க அண்ண. ஆண் பெண் பாக்க லேசு."