வெறும் ஐஸில் ஒரு வளைவு

எங்கள் பேராசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் மகாராஜா. இளவயதில் அவர் பல புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்: நிமிர்ந்த இரண்டு கால்கள், மேலே ஒரு வளைவு. செல்லுக்குள் குப்பைக்குப் போகவிருக்கும் சரக்கில் இன்னும் உதவக்கூடியதைப் பிடித்துத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அன்றிலிருந்து அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். புரதத்தை மெல்லிய ஐஸில் உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்போம். அதிலுள்ள மங்கல் புள்ளிகளில் மாதிரியாகக் கொடுத்த மகாராஜாவின் பழைய வடிவத்தைப் போலிருப்பதை மட்டும் கணினி பொறுக்கிச் சேர்த்து ஒரே உருவமாக்கும். மற்றதெல்லாம் குப்பை. ஒருநாள் அந்த மாதிரியைக் கொடுக்காமல் பொறுக்க விட்டேன். சரக்கைப் பிடித்த கூட்டில் ஒரு கால் மடங்கியிருந்தது!

"அது உடைஞ்ச புரதம்மா. தூக்கிப் போடு. வெள்ளிக்கிழமை கட்டுரை போயாகணும்" என்றார் படத்தைப் பார்த்த மகாராஜா.

இரண்டு காலும் நிமிர்ந்தே நிற்கும் என்று சொல்லும் அந்தக் கட்டுரையை எழுதியவர் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. பொய்க்கு முதல் பெயர்! அன்று இரவு வீட்டில் புலம்பினேன்.

"மஞ்சக்காமாலைக்காரனுக்குப் பாத்ததெல்லாம் மஞ்சள்" என்றார் என் கணவர், காய் நறுக்கியபடி. "வெறும் சுவத்தைக் காட்டு, அதுலயும் வளைவு தெரியுதும்பார்."

அட, வெறும் சுவர்! மறுநாளே புரதம் சேர்க்காத உப்புக் கரைசலை உறைய வைத்துப் படமெடுத்தேன். மகாராஜாவின் மாதிரியைக் கொடுத்துப் பொறுக்க விட்டேன். வந்த உருவத்தை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திரையில் போட்டேன்.

"இப்பதான் வழிக்கு வந்திருக்க! கொஞ்சம் மங்கல், ஆனா நம்ம வளைவேதான்."

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"

"என் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

"இதுல புரதமே இல்ல சார். வெறும் ஐஸ். நீங்க கொடுத்த மாதிரியையே கணினி உங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கு."

யாரோ இருமினார்கள். மகாராஜாவின் முகம் சுண்டிப்போனது.

"என்ன திமிர் உனக்கு! உக்காரு."

நான் உட்காரவில்லை. அடுத்த படத்தைப் போட்டேன். மடங்கிய கால், அதன் இடுக்கில் சரக்கு.

"கட்டுரை இன்னைக்கே போகும்" என்றார்.

"தாராளமாப் போகட்டும். என் பேரை எடுத்துடுங்க. இந்த ரெண்டு படமும் என் பேர்ல தனியாப் போகும்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். தெரிஞ்சுதான் நிக்கறேன்."

அவர் எழுந்து திரையை அணைக்கப் போனார்.

"அணைங்க சார். அணைச்சாலும் அந்தக் கால் மடங்கித்தான் இருக்கும்."

அவர் விரல் சுவிட்சின் மேலேயே நின்றது. கட்டுரை அன்று போகவில்லை.